மூன்றாவது பிரேக் ஓஸ்

ஒரு முழங்கூட இருக்காது அந்த ரப்பர் குழாய். நடுவில் கிழிந்து, கறுத்த வாயிலிருந்து பிரேக் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. டாக்சிக்காரர் அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தபடி அசையாமல் நின்றார். காரின் பின்சீட்டில் தலைப்பிரசவக்காரி ஒருத்தி என் மணிக்கட்டை நெரித்துக்கொண்டிருந்தாள். குழந்தை வயிற்றில் குறுக்கே கிடந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்துவிட்டிருந்தது. காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றைத் திறந்தால்தான் உண்டு. நாங்களோ ஏரிக்கரைச் சாலையின் வளைவில், வயல் வரப்பில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றோம்.

அப்போது எண்பதுகளின் தொடக்கம். உத்திரமேரூரை அடுத்த கிராமம் ஒன்றில் நான் நர்ஸ். கூப்பிட்ட நேரத்துக்கு வருகிற கார் சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான். எத்தனையோ கை மாறி வந்த பழைய வண்டி. அதன் சொந்தக்காரர் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, தறியில் உட்காரப் பிடிக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். வாய் ஓயாமல் பேசுவார். பிரசவ வலியில் துடிக்கிறவளைக்கூட ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவார். அந்த வருஷத்தில் அவருக்கு ஒரே தொல்லை, பின்சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகிற ரப்பர் குழாய், அவர் பாஷையில் பிரேக் ஓஸ். ஒருமுறை கிழிந்தது, மாற்றினார். சில வாரத்தில் மறுபடி கிழிந்தது. "எல்லாம் டூப்ளிகேட் மால் நர்சம்மா. கடைக்காரன் ஏமாத்திக்கினு கீறான்" என்று திட்டிக்கொண்டே இன்னொன்றை மாட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாக ஒன்றை வாங்கி டிக்கியிலும் போட்டு வைத்திருந்தார்.

அன்று வளைவில் எதிரே மாட்டுவண்டி வந்தது. டாக்சிக்காரர் மிதித்த மிதி நேரே தரையில் போய் இடித்த சத்தம் எனக்கே கேட்டது. "பிரேக்கு பூட்ச்சி, கெட்டியா புட்சிக்கோங்க!" என்று கத்தியவர், கியரைக் கீழே தள்ளி, கைப்பிரேக்கை இழுத்து, வண்டியைக் கரையிலிருந்து வயல் பக்கம் இறக்கினார். மாட்டின் கொம்பு ஜன்னலை உரசிக்கொண்டு போனது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அந்தச் சாலையில் சாயங்காலம் வரை பஸ் கிடையாது. மாட்டுவண்டியில் ஏற்றினால் காஞ்சிபுரம் போய்ச் சேர இருட்டிவிடும். அதுவரை முன்சீட்டில் அலறாமல் இருந்த அவள் புருஷன், "அண்ணா, எதுனா பண்ணுண்ணா, எதுனா பண்ணு" என்று டாக்சிக்காரரின் சட்டையைப் பிடித்து உலுக்கினான்.

அவளைக் கீழே இறக்கி, ஒரு வேப்பமரத்தடியில் புடவையை விரித்துப் படுக்க வைத்தோம். துடிப்புக் கேட்கும் குழலை வயிற்றில் வைத்துக் கேட்டேன். குழந்தையின் நெஞ்சு துடித்துக்கொண்டிருந்தது. டாக்சிக்காரர் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, புது ஓஸோடு கீழே போனார். போனவர் மாட்டாமல் அப்படியே கிடந்தார். "இன்னாண்ணா பண்ற?" என்று புருஷன் கத்தினான். கீழிருந்து வந்த குரல் எனக்குத் தெரிந்தவருடைய குரலாகவே இல்லை. "ஓஸ் மேல தப்பில்ல நர்சம்மா. ஆக்சிலு பின்னால நவுந்து கீது."

பிறகுதான் எனக்கு அது விளங்கியது. பின்சக்கரங்கள் இரண்டையும் தாங்கும் ஆக்சில், அடுக்கடுக்கான இரும்புக் கமான்பட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பட்டைகளை நடுவில் கோத்து நிறுத்தும் போல்ட் எப்போதோ ஒடிந்துபோயிருந்தது. பாரம் ஏறும்போதெல்லாம் ஒரு பக்கம் ஆக்சில் கொஞ்சங்கொஞ்சமாகப் பின்னால் நழுவியிருக்கிறது. வண்டியின் உடம்புக்கும் ஆக்சிலுக்கும் நடுவே தொங்கும் ஓஸ் விறைத்து இழுபட்டுக் கிழிந்திருக்கிறது. எத்தனை புது ஓஸ் போட்டாலும் கிழியத்தான் செய்யும்.

மாட்டுவண்டிக்காரர் நுகத்தடியைக் கழற்றிக் கொடுத்தார். அதை ஆக்சிலில் முட்டுக் கொடுத்து அவரும் புருஷனும் நெம்ப, டாக்சிக்காரர் கீழே கிடந்தபடி, "இன்னும்... இன்னும் கொஞ்சம்" என்றார். ஆக்சில் முனகிக்கொண்டு முன்னால் வந்தது. பட்டையோடு அதைப் பிணைக்கும் யூ போல்ட்டுகளைக் கை கிழிய முறுக்கினார். ஓஸை மாட்டினார். குழாயில் அடைத்த காற்றை வெளியேற்ற யாராவது பெடலை மிதித்து மிதித்து விட வேண்டும். முதலில் புருஷன் உட்கார்ந்தான். பிடி என்றால் விட்டான், விடு என்றால் மிதித்தான். நான் ஓடிப்போய் உட்கார்ந்தேன். "மிதிங்க... புடிங்க... உடுங்க..." மரத்தடியில் அவள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். திரும்பிப் பார்க்காமல் மிதித்தேன்.

மறுபடி ஏற்றும்போது குழலை வைத்தேன். துடிப்பு மெலிந்திருந்தது. வேகமாகப் போனால் அழுத்திப் பிரேக் பிடிக்க வேண்டிவரும். பிடித்தால் ஆக்சில் திரும்ப நழுவும். அதனால் அவர் மெதுவாகத்தான் ஓட்டினார், ஸ்டியரிங்மேல் கண்ணீர் விழ. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியபோது குழலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று யாரிடமும் சொல்லவுமில்லை.

தாயைக் காப்பாற்றிவிட்டார்கள். பெண் குழந்தை, உயிரில்லை. துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு புருஷன் நின்றபோது, டாக்சிக்காரர் கிட்டே வரவில்லை. "மொத ஓஸ் கிழிஞ்சப்பவே ஆக்சில ஒருவாட்டி பாத்திருந்தா?" என்று என்னிடம் கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் வண்டியைச் செங்கல் அடுக்கி நிறுத்திவிட்டார். கமான்பட்டைகளை முழுக்கப் பிரித்துப் புதிதாகக் கட்டினார். தெருக்காரர்களைப் பின்சீட்டில் ஏறி உட்காரச் சொல்லி, இறங்கச் சொல்லி, மறுபடி ஏறச் சொல்லி, தான் கீழே படுத்துக்கொண்டு ஓஸ் இழுபடுகிறதா தளர்கிறதா என்று பார்ப்பார். ஆளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள். பேச்சும் அடங்கிப் போயிற்று. மறுபடி ஓட்டத் தொடங்கியபோது கல்யாணச் சவாரிக்குப் போனார். பிரசவச் சவாரிக்கு மட்டும் வரமாட்டேன் என்றார்.

இன்றைக்கு ஒரு போன் செய்தால் ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது. எந்த வண்டி, யார் ஓட்டுகிறார் என்று எவரும் கேட்பதில்லை. அப்போது, அடுத்த வருஷம், அந்தப் புருஷன் இவர் வண்டியையே கேட்டுக்கொண்டு வந்தான். அவள் மறுபடி மாசமாயிருந்தாள், நாள் நெருங்கிவிட்டது. இந்தமுறை முன்னாலேயே காஞ்சிபுரத்தில் சேர்த்துவிடச் சொல்லியிருந்தேன். டாக்சிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "வேணாம்ப்பா. வேற வண்டி சொல்லிக்க" என்றார்.

"வேற எவன்ணா எங்களுக்காவ வண்டிக்கு அடில அவ்ளோ நேரம் கெடந்தான்?" என்றான் அவன்.

நானும் உடன் போனேன். கிளம்புமுன் அவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு வந்தார். ஏரிக்கரை வளைவு வந்ததும் வண்டி ஊர்ந்தது. வேப்பமரம் தாண்டியும் ஊர்ந்துகொண்டே இருந்தது. பின்னாலிருந்து அவள்தான் பேசினாள்.

"அண்ணா, வேகமாவே போண்ணா. எனக்கு ஒண்ணும் பயமில்ல."

அவர் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கியரை மாற்றினார்.