கோயிலுக்குப் பக்கத்தில் ஓர் அறை

எழுதுவதற்கு எனக்குத் தகுதி ஒன்றும் கிடையாது. பத்தாம் வகுப்போடு நின்றவள். மலைமேல் செம்மேட்டில் ஓர் அலுவலகத்தில் பெருக்கித் துடைத்து, கோப்புகளை மேசை மேசையாகக் கொண்டுபோய் வைப்பது என் வேலை. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அப்படிப்பட்டவள் புத்தகம் படிக்கிறவர்களுக்கு எழுத வந்ததை மன்னிக்க வேண்டும். கோபம் ஆறியதும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மதுரைக்குப் போகிறவர்கள் எந்தப் பக்கம் தங்க வேண்டும் என்பதுதான் விஷயம். இதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைக்கிறவர்களுக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம்.

என் வீட்டுக்காரர் தை மாதத்தில் மிளகு பறிக்கும்போது மரத்தில் சாத்திய மூங்கில் ஏணி சறுக்கி விழுந்தார். இடுப்பு மூட்டில் அடி. ஆறேழு மாதம் பார்த்துவிட்டு, மூட்டையே மாற்ற வேண்டும் என்று சேலத்தில் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதத்துக்குத் தேதியும் கொடுத்தார்கள். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் இருப்பதால், அறுத்த பிறகு இவர் எந்த அளவுக்கு நடப்பார் என்று இப்போது சொல்ல முடியாது, நடக்காமலும் போகலாம் என்றார் டாக்டர். ஒளிக்காமல் சொன்னார். அதற்காக அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அன்று பஸ்ஸில் மலை ஏறும்போது இவர் மதுரைப் பேச்சை எடுத்தார். கல்யாணத்துக்கு முன்னால் வாழைத்தார் லாரியில் கிளீனராக யானைக்கல் மண்டி வரைக்கும் போயிருக்கிறார். கோபுரத்தின் உச்சி மட்டும் கட்டடங்களுக்கு மேலே தெரிந்ததாம். ஓர் எட்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டதற்கு டிரைவர் விடவில்லை. எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். ஆனால் அன்று சொன்னது வேறு மாதிரி இருந்தது.

"உள்ள போயி சாமி பாக்கோணும்னுகூட இல்ல அம்மிணி. கோயிலச் சுத்தி நாலு சித்திரை வீதி இருக்குதில்ல, அத ஒருக்கா என்ற கால்ல நடந்து வந்தரோணும். அப்புறம் எப்படி வேணா ஆகட்டும்."

அந்த நாலு வீதியும் சேர்த்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட என்று விசாரித்து வைத்தேன். இவர் காலையில் படுக்கையை விட்டு எழுந்ததும், தடி ஊன்றி, நடுவில் இரண்டு மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்தால் அவ்வளவு தூரம் நடப்பார். தாண்டினால் கால் இழுத்துக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. பஸ்ஸிலோ ஆட்டோவிலோ மடக்கி உட்கார்ந்து குலுங்கி வந்தால் மூட்டு பூட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரம் நீட்டிப் படுத்தால்தான் நடை வரும். அதற்குள் வெயில் ஏறிவிடும். ஆகவே படுத்து எழுந்த இடத்திலிருந்து நேரே வீதிக்கு நடந்து போக வேண்டும். அந்த இடம் கோயிலை ஒட்டியே இருக்க வேண்டும். இதைத் தவிர அந்த அறையில் வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

இதை நான் யாரிடமும் இப்படித் தெளிவாகச் சொல்லவில்லை. அதுதான் முதல் தப்பு, என்னுடைய தப்பு.

எங்கள் அலுவலகத்தில் ஒரு சார் இருக்கிறார். கீழே நாமக்கல் பக்கத்துக்காரர். சனிக்கிழமை மலை இறங்கினால் திங்கட்கிழமை ஏறுவார். ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்தவர், நல்ல மனசு உள்ளவர். நான் மதுரைக்கு லீவு எழுதிக் கொடுத்ததும், ரூம் போட்டாச்சா என்று கேட்டார். இல்லை என்றேன். உடனே செல்போனை எடுத்துத் தேடினார். நட்சத்திரம் எத்தனை, ஏ.சி. இருக்கிறதா, கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எங்களிடம் கார் கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

நான் மேசைக்கு அந்தப் பக்கம் துடைப்பத்தோடு நின்றபடி, கோயிலுக்குப் பக்கமாங்க சார் என்று கேட்டேன்.

"பக்கந்தாம்மா. ஆட்டோ புடிச்சா கால் மணி நேரம். கோயில ஒட்டி எல்லாம் சந்தா இருக்கும், ஒரே சத்தம், பாத்ரூம் வாயில வைக்க முடியாது. உங்களுக்குத் தெரியாது. சும்மா தூங்கறதுக்குத்தான, எங்க தங்குனா என்ன?"

பாத்ரூமை வாயில் வைப்பது பற்றிப் பக்கத்து மேசைக்காரர் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ரூம் முடிவாகிவிட்டது. ஆட்டோ இவருக்கு ஆகாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். "சரிங்க சார்" என்றுதான் வந்தது.

வைகைக்கு அந்தப் பக்கம், புது பஸ் ஸ்டாண்டையும் தாண்டி இருந்தது அந்த இடம். காலையில் மலை இறங்கிய நாங்கள் பகல் ஒரு மணிக்கு மேல் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஆட்டோவில் போனோம். கால் மணி நேரம் இல்லை, அரை மணி நேரத்துக்கும் மேலே ஆனது. ஒவ்வொரு வேகத்தடையிலும் இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். கண்ணாடிக் கதவு, லிஃப்ட், வெள்ளை மெத்தை எல்லாம் சார் சொன்னபடியே இருந்தன. ஜன்னல் திரையை விலக்கினேன். ஒரு பெட்ரோல் பங்க்கும் பெரிய ரோடும் தெரிந்தன.

கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு இவர் கேட்டார்: "கோபுரம் எந்தத் தெசைல இருக்குது அம்மிணி?"

எனக்குத் தெரியவில்லை. கீழே போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் கையை ஒரு பக்கமாகக் காட்டிவிட்டு, ஆறு கிலோமீட்டர் இருக்கும், காலையில் ஆட்டோவுக்குப் போனில் பதிவு செய்யலாம் என்றார்.

ஊர் திரும்பிய பிறகு சார் கேட்டார், ரூம் எப்படிம்மா என்று. நல்லா இருந்துச்சுங்க சார் என்றேன். போன வாரம் அதே இடத்தை வேறொருவருக்கும் சிபாரிசு செய்துகொண்டிருந்தார், நம்ம அம்மாகூடத் தங்கிட்டு வந்தாங்க என்று என்னையே சாட்சி வைத்து. பெருக்கிக்கொண்டிருந்த நான் நிமிரவில்லை. இதை எழுத உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

மதுரையில் அன்று அந்த வெள்ளை மெத்தையில் ஒரு மணி நேரம் படுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். கோயிலுக்குப் பக்கத்திலேயே நாமே தேடலாம் என்றேன். இவர் தடியை எடுத்துக்கொண்டார். இன்னொரு ஆட்டோ, இன்னொரு குலுக்கல். கோயிலை ஒட்டி ஆட்டோ போகாது என்று மேலமாசி வீதி முனையில் இறக்கிவிட்டார்கள். மேலக்கோபுரம் அங்கிருந்தே தெரிந்தது. இவர் தடியை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்ததில் கால் வலி மறந்து, நான் சொல்லியும் கேட்காமல் முன்னால் நடந்தார்.

முதல் லாட்ஜில் மேசைக்குப் பின்னால் நடுவயதுக்காரர் ஒருவர் இருந்தார். பக்கத்து நாற்காலியில் வேறொருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மேசைக்காரர் ஒரு பெரிய நோட்டை என் பக்கம் தள்ளி, எழுதும்மா என்றார். பெயர், வயது, ஊர், நாடு, வந்த காரணம் என்று கட்டம் போட்டிருந்தது. ஊர் என்ற இடத்தில் எங்கள் ஊரை எழுதினேன். நாடு என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தேன்.

எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. முன்பின் தெரியாதவரைப் பார்த்தால் எந்த நாடு என்றுதான் கேட்போம். பொண்ணு கேட்டு வந்தாலும் முதல் கேள்வி அதுதான். நான் தேவனூர் நாட்டில் பிறந்து குண்டூர் நாட்டுக்கு வாழ வந்தவள். பிறந்த நாட்டை எழுதுவதா, புகுந்த நாட்டை எழுதுவதா என்பதுதான் என் யோசனை. அறை இவருக்காக என்பதால் 'குண்டூர் நாடு' என்று எழுதினேன்.

மேசைக்காரர் நோட்டைத் திருப்பிப் பார்த்தார். "என்னத்தா இது, எங்கிட்டு இருக்கு இந்த நாடு? பாஸ்போர்ட்டு கொண்டாந்திருக்கியா?" என்றவர் பேப்பர்காரர் பக்கம் திரும்பினார். "அண்ணே, வெளிநாட்டுக்காரய்ங்க வந்திருக்காய்ங்க."

பேப்பர்காரர் தலையைத் தூக்காமலே, "டாலரா வாங்குடா" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன என்று புரியாமலே என் வீட்டுக்காரரும் மரியாதைக்குச் சேர்ந்து சிரித்தார். அவர்கள் சிரித்ததைக்கூட விட்டுவிடுவேன். இவரைச் சிரிக்க வைத்தார்களே, அதை என்னால் விட முடியவில்லை.

எழுதியதை அடித்துவிட்டு, இப்படித் தப்புத் தப்பாக எழுதினால் போலீஸ் கேட்கும், ரூம் இல்லை போம்மா என்றார் மேசைக்காரர். வாழ்நாளில் நான் முன்பின் தெரியாத ஆம்பளையிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. ஆதார் அட்டையை மேசையில் வைத்தேன்.

"இத நல்லாப் பாருங்க. குண்டூர் நாடுன்னு கெவர்மெண்டே அச்சடிச்சுக் குடுத்திருக்குது. நாடுன்னு கேட்டீங்க, எங்க நாட்ட எழுதுனனுங்க. தெரியாதுன்னா தெரியாதுன்னு கேளுங்க. உங்களுக்குப் பின்னால ஆறு சாவி தொங்குதுங்க."

பேப்பர் கீழே இறங்கியது. மேசைக்காரர் அட்டையை வாங்கிப் படித்தார். படித்தது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. மூணாவது மாடியில் ஒன்று இருக்கிறது, லிஃப்ட் கிடையாது, வேணும்னா எடுத்துக்க என்றார். கீழே உள்ள அறை என்று கேட்டதற்கு, அதெல்லாம் குடும்பமாக வருகிறவர்களுக்கு என்றார். நாங்கள் இரண்டு பேரும் அவருக்கு என்னவாகத் தெரிந்தோமோ.

இவர் என் முழங்கையைத் தொட்டார். "வா அம்மிணி. நின்னாலும் காலுக்குச் செலவுதான்."

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு இடம் ஏறி இறங்கினோம். ஒன்றில் நிஜமாகவே இடம் இல்லை. இன்னொன்றில் எல்லா அறையும் மாடியில். ஒவ்வொரு வாசலுக்கும் இவர் நடந்த அடிகள் எல்லாம் மறுநாளைக்கென்று நான் சேர்த்து வைத்திருந்தவை. இங்கேயே உட்காருங்க, நான் பார்த்துவிட்டு வருகிறேன் என்றால் கேட்கவில்லை. உன்னைத் தனியாக விட்டால் நீ வாயே திறக்க மாட்டாய், சாயங்காலம் வரைக்கும் வாசலிலேயே நிற்பாய் என்றார். அப்போதுதான் ஒரு மேசையில் பேசிவிட்டு வந்திருக்கிறேன். அதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் மேலும் எனக்குக் கோபம்தான்.

கடைசி லாட்ஜில் படிக்கட்டைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் இவர் காலைப் பார்த்தார். மேலே ஏற முடியுமா என்று யாரும் கேட்காததை அவர்தான் கேட்டார். வாளியை வைத்துவிட்டு, ஏங்கூட வாத்தா என்று, வடக்குப் பக்கம் கிழக்குக் கோடியில் ஒரு சந்தில் இருந்த பழைய சத்திரத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே தரையோடு ஓர் அறை இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவரில் ஈரம் ஊறியிருந்தது. குழாய் முற்றத்தில். கக்கூஸ், சார் சொன்ன மாதிரியேதான். அந்த அம்மாவுக்கு நான் நன்றி சொன்னேனா என்பது நினைவில்லை. பையை வைத்துவிட்டு, வாசற்படியிலிருந்து வடக்குச் சித்திரை வீதி வரைக்கும் இவர் எட்டு வைக்கும் அளவில் நடந்து எண்ணிப் பார்த்தேன். எழுபத்து மூன்று.

இந்த அறைதான் முதலிலேயே எங்களுக்கு வேண்டியிருந்தது. ஒரு நாள் முன்னால் ஒரு போன் பேசியிருந்தால் கிடைத்திருக்கும். யாரிடம் பேசுவது என்று எனக்குத் தெரியாது, தெரிந்தவர் கேட்கவில்லை. பழைய ஊர்களுக்குப் போகிறவர்களுக்கு அறை பார்த்துக் கொடுக்கிறவர்கள், மெத்தையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் எதற்காகப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? பக்கம் என்று சொல்கிறார்களே, யாருடைய காலுக்குப் பக்கம்? கார் வைத்திருப்பவருக்கு ஆறு கிலோமீட்டர் பக்கம். இவருக்கு எழுபத்து மூன்று அடி பக்கம், எழுநூறு அடி தூரம். போகிறவர்களுக்கும் சொல்கிறேன். என்னைப் போல வாயை மூடிக்கொண்டு சரிங்க சார் என்று தலையாட்டாதீர்கள். ஜன்னலும் வேண்டாம் வெள்ளை மெத்தையும் வேண்டாம், கீழ்த்தளமா, எத்தனை அடி என்று கேளுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

சாயங்காலம் இவர் கணுக்கால் வீங்கியிருந்தது. தொடையில் நரம்பு துடிப்பது வேட்டிக்கு மேலேயே தெரிந்தது. தைலம் போட்டு நீவிவிட்டேன். நாளைக்குச் சரியாயிரும் என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தச் சாருக்கு அங்கிருந்தே போன் போட்டுக் கேட்க வேண்டும் என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தேன். போன் போடவில்லை.

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். கிழக்குச் சித்திரை வீதியை நடந்தார். தெற்கு வீதியை மூன்று தரம் உட்கார்ந்து நடந்தார். மேற்கு வீதி தொடங்கும் முனையில் கால் இழுத்துக்கொண்டது. அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம், வரவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஆட்டோ நிற்கும் இடத்துக்கு வந்தார். பத்தரை மணிக்கு ஆரப்பாளையத்தில் நாமக்கல் பஸ் ஏறினோம்.