மூன்றாவது பாலம்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒவ்வொரு விரலாகத் துண்டில் ஒற்றி எடுத்த பிறகுதான் மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் ஆட உட்காருவார். சாப்பிட உட்காரும்போது இதில் பாதி அக்கறைகூடக் காட்டுவதில்லை என்பது என் தங்கையின் புகார். கழுவிய கையால் கதவைத் தொடமாட்டார். முழங்கையால் தள்ளிக்கொண்டு உள்ளே போவார். நாற்காலியில் அசைந்து அசைந்து உட்கார்ந்து பார்த்து, காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டாரென்றால், அதற்குப் பிறகு வீட்டுக்கூரை பறந்துபோனாலும் யாராவது தோளைத் தட்டித்தான் சொல்ல வேண்டும்.

அவர் என் தங்கையின் கணவர். நாற்பதைத் தொடப் போகிறார். மீசையில் நரை எட்டிப் பார்க்கிறது. ஆனாலும் வீட்டு மாப்பிள்ளையைப் பார்த்து, இந்த வயதில் என்ன விளையாட்டு என்று கேட்டுவிட முடியுமா? “இன்னிக்கு யாரைச் சுட்டீங்க மாப்பிள்ளை?” என்று மரியாதையாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அவர் யாரையும் சுடுவதில்லை. குழுவாக ஆடும் அந்த ஆட்டத்தில், அடிபட்டு விழுந்தவர்களிடம் ஓடிப்போய்க் கட்டுப் போட்டு மருந்து கொடுப்பதுதான் அவருடைய பங்கு. நான் மருந்துக்கடை வைத்திருப்பவன். “நீங்களும் நானும் ஒரே தொழில் மச்சான்” என்று ஒரு விருந்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். படித்துப் பட்டம் வாங்கிக் கடை போட்டவனுக்கு எப்படி இருக்கும்?

வயிற்றுப்பாட்டுக்கு அவர் செய்வது வேறு. கடைகளில் பில் போடும் மெஷின் நின்றுபோனால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். வந்ததும் மெஷினின் தலையில் புறங்கையை வைத்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் பார்ப்பார். “இதுக்கு மூச்சு முட்டுதுங்க” என்பார். பையிலிருந்து பெயிண்ட் பிரஷ்ஷை எடுத்துத் தூசி தட்டத் தொடங்குவார். பணம் கட்ட நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். அவருக்கு அது உறைக்காது. ஒருமுறை என் கடை மெஷினைச் சரி செய்து கொடுத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து ஒவ்வொரு பில் வரும்போதும் அது ஆட்டத்தில் ஜெயித்தவனுக்கு ஊதுகிற ஊதலை ஊதியது. பழைய சத்தம் சோகமாக இருந்ததாம். இருமல் மருந்து வாங்க வந்த ஒரு பெரியவர் சத்தத்தைக் கேட்டுவிட்டு, பரிசு ஏதாவது விழுந்திருக்கிறதா என்று வெகுநேரம் நகராமல் நின்றார்.

வீட்டில் அவருடைய கம்ப்யூட்டர் ஒரு தனி அறையையே எடுத்துக்கொண்டிருக்கிறது. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நிறம் மாறி மாறி எரிகிற விளக்குகள். சூட்டை வெளியே தள்ளுவதற்குப் பின்பக்கம் வரிசையாக மின்விசிறிகள். மழைக்காலத்தில் என் தங்கை காலுறைகளை அங்கேதான் காயப்போடுவாள். ஒரு தடவை காலுறை ஒன்று விசிறியை அடைத்துக்கொண்டு, ஆட்டம் நடுவில் நின்றுபோய், இவரை நம்பி அடிபட்டுக் கிடந்தவர்கள் அத்தனை பேரும் செத்துப்போனார்கள். அன்று ராத்திரி சாப்பாட்டில் அவர் வாயே திறக்கவில்லை.

செத்துப்போவது அவருக்குச் சாதாரண வார்த்தை. “காலையிலேருந்து செத்துக்கிட்டே இருக்கேன் அத்தை” என்று என் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். அம்மாவுக்குப் பகீரென்றிருக்கும். வாயைக் கழுவச் சொல்ல மாப்பிள்ளையிடம் முடியாது. “நல்ல வார்த்தையா பேசுங்க மாப்பிள்ளை” என்பாள். உடனே அவர் திருத்திக்கொண்டு, “சரி அத்தை, உயிர் போயிட்டுப் போயிட்டு வருது” என்பார். அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

பிரயாணத்தில் ஆள் இன்னும் மோசம். எல்லாரும் போகிற பாதையில் அவர் போகமாட்டார். பெரிய தோட்டமோ பழைய கோட்டையோ, உள்ளே நுழைந்ததும் முட்டுச்சந்து எங்கே இருக்கிறதென்று தேடுவார். “நேர்வழில கதைதான் இருக்கும் மச்சான். சந்துலதான் சரக்கு இருக்கும்.” ஆட்டம் செய்கிறவர்கள் புதையலை அப்படித்தான் ஒளித்துவைப்பார்களாம். அருவிக்குப் பின்னால் கட்டாயம் ஏதாவது வைத்திருப்பார்களாம். குடும்பத்தோடு மலைக்குப் போனபோது, எல்லாரும் அருவிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, இவர் பாறையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். தொப்பலாக நனைந்து, கையில் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தார். அவருடையது அல்ல. முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்து யாருக்கும் திட்ட மனம் வரவில்லை.

போன மாதம் நடந்ததை மட்டும் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை.

என் தங்கை மூக்குக்கண்ணாடி லென்ஸ் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். கீறல், குமிழ், வளைவில் பிசகு என்று எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கம்பெனியை மூடிவிட்டார்கள். அதிலிருந்து வீட்டில்தான் இருந்தாள். எத்தனையோ இடத்துக்கு எழுதிப் போட்டாள், பதில் வரவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கீறல் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. கடைசியில் வெளியூரில் ஒரு பெரிய லென்ஸ் கம்பெனி நேர்முகத் தேர்வுக்கு வரச் சொன்னது. ஊர்ப் பெயரைக் கேட்டதும் மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார்.

அவர் அந்த ஊருக்குப் போனதே இல்லை. ஆனால் ஒரு வருஷம் அங்கேயே குடியிருந்திருக்கிறார். அந்த நகரத்தை அப்படியே எடுத்து ஆட்டத்துக்குள் வைத்திருக்கிறார்களாம். கூரை கூரையாகத் தாவியிருக்கிறார், சந்து சந்தாக ஒளிந்திருக்கிறார். “அந்த ஊர்ல என்னைக் கண்ணைக் கட்டி விட்டாலும் வந்துடுவேன்” என்றார். அம்மாவுக்கு அந்த வாக்குறுதி போதவில்லை. நீயும் கூடப் போய்வா என்று என்னைக் கிளப்பிவிட்டாள்.

ரயிலைவிட்டு இறங்கியதும் தங்கை போனை எடுத்து வழி பார்க்கப் போனாள். “இந்த ஊர்ல எனக்கே மேப்பா?” என்றார் மாப்பிள்ளை. குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. டாக்சியும் வேண்டாமாம், சந்து வழியாக நடந்தால் அதைவிடச் சீக்கிரம் போய்விடலாமாம். அவள் போனைப் பைக்குள் போட்டாள்.

ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் பாதி வழியில் மனிதர் பிரமாதப்படுத்திவிட்டார். இந்த மணிக்கூண்டுக்குப் பின்னால் மஞ்சள் சுவர் போட்ட பேக்கரி இருக்கும் என்றார்; இருந்தது. அடுத்த திருப்பத்தில் படிக்கட்டு, பாதியில் உடைந்த கைப்பிடி என்றார்; கைப்பிடி உடைந்தேதான் இருந்தது. வாழ்நாளில் மிதிக்காத தெருவில் ஒருவர் தன் சொந்தத் தெருவைப்போல் நடந்தால் கூட வருகிறவர்களுக்கும் நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது. வீட்டில் நான் பேசிய பேச்சையெல்லாம் மனதுக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டேன். தங்கை அவர் கையைக் கோத்துக்கொண்டு நடந்தாள். அதை நான் பார்த்து ரொம்ப நாளாகிறது.

சந்து முடிந்து ஆற்றங்கரையில் போய் நின்றோம். அகலமான ஆறு. எதிர்க்கரையில் கம்பெனியின் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிந்தது. மாப்பிள்ளை கரைச்சுவரைப் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். சுவரைத் தடவிப் பார்த்தார்.

“இங்க மூணாவது பாலம் இருக்கணும்” என்றார்.

இரண்டு பாலங்கள் இருந்தன. ஒன்று இடது பக்கம் எங்கோ பின்னால். இன்னொன்று வலது பக்கம், பொம்மைபோல் அத்தனை தூரத்தில். எங்களுக்கு முன்னால் தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

“எங்க பாத்தீங்க அந்தப் பாலத்தை?” என்று தங்கை கேட்டாள்.

மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். “ஆட்டத்துல இருக்கு.”

ஆடுகிறவன் சுற்றிப் போக அலுத்துக்கொள்வானென்று ஆட்டம் செய்தவர்களே சொந்தமாக ஒரு பாலம் போட்டிருக்கிறார்கள். இவர் அதை நம்பி மனைவியைக் கூட்டிவந்திருக்கிறார். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கினவர்களாவது குதிரையைக் கண்ணால் பார்த்தவர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாப்பிள்ளை என்கிற மரியாதை ஒன்றுதான் அன்று அவரையும் ஆற்றையும் பிரித்துவைத்தது.

தங்கை நேராகப் போய், கரையோரம் பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் வழி கேட்டாள். அந்தப் பெண் விளக்குமாற்றாலேயே கீழே காட்டினாள். படி இறங்கினால் படகுத்துறை. எதிர்க்கரையில் வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு படகு கிளம்பத் தயாராக நின்றது. நாங்கள் ஓடினோம். மாப்பிள்ளை மட்டும் படகுக்கு முன்னால் தயங்கி நின்றார்.

“இப்படி ஒரு படகு அங்க இல்லவே இல்ல மச்சான்.”

“இருக்கறதுல ஏறுங்க” என்றேன்.

ஏறினார். அக்கரை போய்ச் சேரும்வரைக்கும், எந்த நிமிஷமும் கரைந்துபோய்விடும் என்பதுபோல் படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நேரம் தாண்டித்தான் போய்ச் சேர்ந்தோம். அவளுடைய முறை வந்து போய்விட்டதாம். வரவேற்பில் இருந்த அம்மாள் உள்ளே போன் பண்ணிக் கேட்டாள். கடைசியில் நேரம் மிஞ்சினால் பார்க்கிறோம் என்று பதில் வந்தது. தங்கை தலையைச் சரிசெய்துகொண்டு, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

ஏன் தாமதம் என்று அந்த அம்மாள் கேட்டாள். நான் வயிற்றெரிச்சலில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. “மூணாவது பாலமா? வாராவாரம் யாராவது வந்து கேக்கறாங்க” என்று அலுத்துக்கொண்டாள். போன வாரம் ஒருவர் அதன் நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டாராம். மாப்பிள்ளையின் முகத்தில் லேசாக வெளிச்சம் வந்தது. “நான் மட்டும் இல்ல மச்சான்” என்றார். நான் பார்த்த பார்வையில் வெளிச்சம் அணைந்தது.

பிறகு காத்திருந்தோம். ரயிலில் வரும்போது அவர் ஆடிக்கொண்டுவந்த கையடக்க ஆட்டக்கருவி அவர் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. மடியில் இரண்டு கட்டைவிரல்கள் மட்டும் எதையோ அமுக்கிக்கொண்டே இருந்தன. வெகுநேரம் கழித்து, “அவளுக்கு இது கெடைக்கலேன்னா அது நான் பண்ணினதுதான்” என்றார். அது உண்மைதான். ஆனால் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்திவைத்தேன்.

தங்கை வெளியே வந்தபோது முகத்தை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு தட்டு நிறைய லென்ஸைக் கொடுத்து, பழுதானதை எடுக்கச் சொன்னார்களாம். அவள் எடுத்துவைத்ததில் ஒன்று அவர்களுக்கே தெரியாத பழுதாம். சன்னலோரம் கொண்டுபோய்க் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார்களாம். “அடுத்த வாரத்துலேருந்து வரச் சொல்லிட்டாங்க” என்றாள். அதை என்னிடம் சொன்னாள். மாப்பிள்ளை பக்கம் திரும்பவில்லை.

எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. அவர் எழுந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். அதற்குள் அவள் வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். நாங்கள் பின்னாலேயே போனோம். கரைச்சுவர் ஓரத்தில் போய் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கங்க இருக்கும் அது?” என்றாள்.

குத்திக்காட்டுகிறாளோ என்று அவர் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. கையை நீட்டி, தயங்கித் தயங்கி, அக்கரையிலிருந்து ஆரம்பித்தார். அந்தச் சந்து முடிகிற இடத்தில் ஒரு வளைவு. ஆற்றின் நடுவில் இரண்டு தூண். அதன் மேலே வரிசையாக விளக்கு, ஒன்று மட்டும் அணைந்து அணைந்து எரியும். பாலத்தின் பாதியில் ஒருத்தர் சாய்ந்து நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார், எப்போது போனாலும் அவருக்கு மீன் கிடைத்திருக்காது. மாப்பிள்ளையின் கை தண்ணீருக்கு மேலே ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தது. அவள் கண் அந்தக் கையோடு வந்தது.

“இந்தப் பக்கம் எங்க எறங்கும்?”

“இதோ. நீ நிக்கற எடத்துல. உன் ஆபீஸ் வாசல்லயே.”

அவள் தோள்பையைச் சரிசெய்துகொண்டு, சுவரை ஒட்டி, பாலம் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு காலைத் தூக்கினாள்.

மாப்பிள்ளை சட்டென்று அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “மொதப் படி கொஞ்சம் ஒசரம். பாத்து வை.”

தங்கை காலை இன்னும் சற்று உயர்த்தினாள்.