டுவும் பெரியவரின் ஃபோல்டர்

சேவா இறந்து பத்து மாதம் ஆன பிறகு, ஒரு மத்தியானம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"ஃப்ரேமா அக்கா, அந்த மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்களேன். ஒரு வரி படிக்க முடியல."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, எப்போதும் கூப்பிடும் அதே சலிப்போடு. என் கால் தானாக மிதியிலிருந்து எழுந்துவிட்டது. பாதி தைத்த கறுப்புத் துணி ஊசியிலேயே தொங்கியது. நான் பேய்க்குப் பயப்படுகிறவள் அல்ல. குமாசி நகரத்தில் இருபது வருடமாகச் சாவு வீட்டுக்குத்தான் துணி தைக்கிறேன். ஆனால் அன்று எழுந்து போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரக் கொஞ்ச நேரம் ஆனது.

அடுத்த கடை அவள் புருஷன் யாவ் பெப்ராவுடையது. இறந்தவர்களின் போஸ்டரும் சடங்குப் புத்தகமும் கம்ப்யூட்டரில் செய்து அச்சுக்குக் கொடுப்பான். வெள்ளிக்கிழமை வந்தால் அவன் கடையில் உயிரோடிருப்பவர்களை விடச் செத்தவர்களின் முகம்தான் அதிகம். அவன் அடிப்பதைச் சேவா பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்துப் பிழை பார்ப்பாள். கரண்ட் வந்து போகிற ஊர், திரையை நம்ப முடியாது. அதனால் சில நாள் மைக்கில் பதிந்து வைத்துக்கொண்டு, பிறகு கேட்டுத் திருத்துவான்.

அந்தத் தொழிலில் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. விலை கூடின கென்டே துணி போர்த்தி எடுத்த படம் எல்லா ஏழைக்கும் இருக்காது. அதனால் பழைய போஸ்டரிலிருந்து ஒருவருடைய உடம்பை எடுத்து, அதில் புதிதாக இறந்தவரின் தலையை ஒட்டிவிடுவார்கள். ஒரு கடையில் அப்படிச் செய்து மாட்டிக்கொண்டார்கள். தன் தாயின் தோளும் சங்கிலியும் யாரோ ஒருத்தியின் முகத்துக்குக் கீழே இருப்பதைப் பார்த்த மகள், நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாளாம்.

யாவ் அதற்காகத் தன் கடைக்கு ஒரு முறை வைத்திருந்தான். வருடத் திவசம் முடிந்ததும் குடும்பம் வெள்ளை உடுத்திக்கொண்டு ஒரு ஷ்னாப்ஸ் சாராயப் புட்டியோடு வரும். இறந்தவருக்காக வாசலில் நாலு சொட்டு ஊற்றுவார்கள். அவர்கள் கண் முன்னால் அந்தப் பெயருள்ள ஃபோல்டரை அழிப்பான். "போயிட்டாங்க, ஒரு எழுத்துகூட இல்ல," என்பான். அந்த ஒரு சொல்லுக்காகவே ஊரின் அந்தக் கோடியிலிருந்தும் அவனிடம் வந்தார்கள்.

சேவா மூன்று நாள் காய்ச்சலில் போனாள். அவள் போன் அந்தக் குழப்பத்தில் ஆஸ்பத்திரியில் தொலைந்தது. அவளுடைய போஸ்டரை யாவால் செய்ய முடியவில்லை, வேறு கடையில் செய்தோம்.

அவள் போன எட்டாம் மாதம் யாவின் ஹார்ட் டிஸ்க்கில் டக் டக்கென்று சத்தம் வந்தது. பேக்கப் எடுக்க ஏதாவது வாங்கிவிடு என்று நான்தான் நச்சரித்தேன். எனக்கும் நூல் வாங்க வேண்டியிருந்தது, இருவரும் அடும் கடைத்தெருவில் குவான்சாவின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம்.

"மூணு வகை இருக்கு," என்றான் குவான்சா. "ஒண்ணு எல்லாத்தையும் இண்டர்நெட்ல ஏத்திடும். ரெண்டாவது கண்ணாடி மாதிரி. இங்க இருக்கறது அங்கயும் இருக்கும், இங்க அழிச்சா அங்கயும் அழிஞ்சிடும். மூணாவது எதையும் விடாது. நீ அழிச்சதைக்கூட தேதி போட்டு வெச்சிருக்கும்."

"இண்டர்நெட் வேணாம். கரண்ட் போனா எனக்கு அதுவும் போயிடும்."

"அப்ப கண்ணாடியை எடு," என்றேன் நான். "உன் தொழிலுக்கு அதுதான் நியாயம். அழிச்சேன்னா அழிஞ்சிருக்கணும்."

யாவ் மூன்றாவது பெட்டியைக் கையில் எடுத்தான். "அந்த மூணாவது, தானாத்தான எடுத்துக்கும்? நான் எதையும் அமுக்க வேணாமே?" என்று குவான்சாவிடம் கேட்டான். இரண்டு முறை கேட்டான். மூன்றாம் முறையும் கேட்டான்.

"நீ செத்துப்போனாக்கூட எடுத்துக்கும்பா," என்றான் குவான்சா எரிச்சலோடு.

மூன்றாவதையே வாங்கினான். அவன் பிடிவாதம் எனக்குப் புரியவில்லை, வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

சேவா இருந்தபோது யாவ் போஸ்டர் செய்து கொடுத்த டுவும் பெரியவரின் வருடத் திவசம் அடுத்த மாதம் வந்தது. அவர் மகள் அச்சியா, பள்ளித் தலைமை ஆசிரியை, கறாரான பெண். வாசலில் ஷ்னாப்ஸ் ஊற்றினாள். யாவ் ஃபோல்டரை அழித்தான். அதற்கு முன் திரையில் அந்தப் பெயரை விரலால் தொட்டதை நான் பார்த்தேன். மனைவியை நினைத்துக்கொண்டான் என்று விட்டுவிட்டேன்.

சுவரைத் தாண்டிச் சேவா கூப்பிட்ட அன்றுதான் எல்லாம் தெரிந்தது. நான் போனபோது அவன் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"அவ குரல் இது ஒண்ணுதான் இருக்கு அக்கா, மத்த பதிவெல்லாம் திருத்தினதும் அழிச்சாச்சு. டுவும் பெரியவருக்கு அச்சியா டீச்சர் எழுதின அஞ்சலியைப் படிச்சது, நடுவுல உங்களைக் கூப்பிட்டதும் பதிஞ்சிருக்கு. அந்த ஃபோல்டருக்குள்ளதான் இருந்துச்சு."

"அதை மட்டும் தனியா எடுத்து வெச்சிருக்கலாமே, முட்டாள்."

"என் கையால எடுத்தா திருட்டு. ஒரு எழுத்துகூட இல்லன்னு சொல்லப்போறவன் நான். இது அந்தப் பேக்கப் பெட்டி தானா எடுத்துக்கிட்டது."

நல்ல சமாதானம். தன் பொய்யைச் சொல்ல ஒரு மெஷினை வேலைக்கு வைத்திருக்கிறான். ஆனால் அந்த ஒரு குரலுக்காக, வாங்கிய நாளிலிருந்து அவன் அனுப்பிவைத்த எல்லாப் பிணங்களும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் தேதி போட்டு உட்கார்ந்திருந்தன.  இருந்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அதன்பிறகு எத்தனையோ மத்தியானம் அவள் கூப்பிட்டாள். ஒவ்வொரு முறையும் நான் மெஷினை நிறுத்தினேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை ஹார்ட் டிஸ்க் செத்தது. சனிக்கிழமைக்கு மூன்று சாவுச் சடங்கு இருந்தது. புது டிஸ்க் மாட்டி, பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் திருப்பி எடுக்கச் சொன்னான். அவசரத்தில் தேதி பார்க்கவில்லை. திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. அழித்தவர்களும் வந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, அத்தையின் போஸ்டருக்காக அச்சியா வந்து அவன் பின்னால் நின்றாள். குரல் உயர்ந்ததைக் கேட்டு நானும் ஓடினேன்.

"யாவ், அது எங்கப்பா பேரு."

"டீச்சர்..."

"வாசல்ல ஊத்தினேனே. அழிச்சதை என் கண்ணால பார்த்தேனே."

"அழிச்சேன் டீச்சர். மெஷின்தான் தானா..."

"மெஷினை நம்பியா நாங்க உன்கிட்ட வந்தோம்? எங்கப்பா தோளை யாருக்குக் குடுத்த?"

 அவன் அந்தப் பதிவைத் திறந்தான். சேவா படித்தாள்: "அப்பா, உங்கள் ரேடியோ இன்னும் சமையலறையில்தான் இருக்கிறது. யாரும் ஸ்டேஷனை மாற்றவில்லை." அச்சியா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சேவா என்னைக் கூப்பிட்டாள். யாவ் எப்போதும் அந்த இடத்தில் நிறுத்திவிடுவான். அன்று நிறுத்தவில்லை. சேவா கடைசிவரை படித்து முடித்தாள். தாளை மடிக்கும் சத்தம் கேட்டது. "முடிஞ்சுது யாவ். சாப்பிட வா," என்றாள்.

 அச்சியா நாற்காலியிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்பா படத்தை அழி. எல்லாத் தேதியிலயும் அழி. மத்தவங்களையும் போக விடு. குரல் என்னோடது இல்ல, உன் வீட்டுச் சாவு. அதை உன் கையால எடுத்து, அவ பேர்ல வை."

அவன் எடுத்தான். புது ஃபோல்டர் திறந்து 'அமா சேவா' என்று முழுப் பெயரை அடித்தான். அந்தக் கம்ப்யூட்டரில் அவளுக்கென்று அதுவரை ஒரு ஃபோல்டர் இருந்ததில்லை. சனிக்கிழமைப் போஸ்டர்களுக்குக் காத்திருந்த மூன்று பெயர்களுக்குக் கீழே போய் அது நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் யாவ் அழுதான். பத்து மாதத்துக்கு மேல் சேர்த்து வைத்த அழுகை.

மறுநாளே குவான்சாவிடம் போய், கண்ணாடி மாதிரியானதை வாங்கி வந்தான். தேர்ந்தெடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லையாம். பழைய பெட்டியில் இருந்ததையெல்லாம் சுத்தமாக அழித்துவிட்டான்.

வரும் சனிக்கிழமை சேவாவின் வருடத் திவசம். ஷ்னாப்ஸ் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறான். அவள் ஃபோல்டரை அழிக்கும்போது குடும்பத்தில் யாராவது பார்க்க வேண்டும், நீங்கள்தான் வர வேண்டும் என்கிறான்.

"எனக்கு ஒரு காப்பி போட்டுக் குடுத்துட்டு அழி," என்றேன். வெட்கமில்லாமல்தான் கேட்டேன்.

"எல்லாரும் அப்படித்தான் கேட்டாங்க அக்கா. நான் யாருக்கும் குடுத்ததில்ல."

தனக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைக்கச் சொல்லித் துணி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். இன்று வியாழக்கிழமை. துணி மேசைமேல் மடித்தபடியே கிடக்கிறது. நான் இன்னும் கத்தரியைக் கையில் எடுக்கவில்லை.