எழுப்பாமல் விட்ட படுகளம்

மாதேஸ்வரி அக்கா போய்விட்டார். நேற்று சாயங்காலம், மைசூரில். மாரடைப்பு.

காலையிலிருந்து ஃபீட் முழுக்க அவர் படம்தான். "மேற்கத்திய டிஸ்டோபியாவைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்" என்று பதிப்பாளரே போட்டிருக்கிறார்.

எங்கிருந்து எதைக் கொண்டுவந்தார் சார்?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா கர்நாடகத்து ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். இன்சூரன்ஸ் ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட். எழுதியது ஒரே ஒரு நாவல், இவர்கள் டிஸ்டோபியா என்கிற, நாளைய உலகம் பாழாய்ப்போவதைச் சொல்லும் வகை.

தண்ணீர் தீர்ந்துபோன மைசூர். இருப்பதை மிச்சம் பிடிக்க, பாதி ஊரை முறைபோட்டு ஊசி குத்தித் தூங்கவைக்கிறது அரசாங்கம். முறை முடிந்தும் பலரை எழுப்புவதே இல்லை... அதுதான் கதை.

எப்படி அக்கா தோன்றியது என்று ஒருநாள் லஞ்சில் கேட்டேன்.

"எங்க மாமன் ஊர்ல உடுக்கை அடிச்சுக் கதை படிப்பாங்க கண்ணு. வீரன் சாகற எடம் வந்துச்சுன்னா, கேட்டுட்டு இருக்கறவங்களே பொத்துப் பொத்துன்னு விழுந்துருவாங்க. அசைய மாட்டாங்க. அதுதான் படுகளம். அப்பறம் தண்ணி தெளிச்சு ஒவ்வொருத்தரையா எழுப்புவாங்க. அது முடியற வரைக்கும் ஒருத்தரும் ஊட்டுக்குப் போகமாட்டாங்க."

நாவலின் கடைசி அத்தியாயம் அதேதான். பெண்கள் தங்கள் பங்குத் தண்ணீரை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், முகத்தில் தெளித்து, பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். சிலர் எழுகிறார்கள். சிலர் எழவில்லை.

அந்த அத்தியாயம் புத்தகத்தில் கிடையாது. ப்ரூஃபில் இருந்தது. அச்சில் காணோம்!

அக்கா பதிப்பாளருக்கு போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"மேடம், டிஸ்டோபியான்னா யாரும் எந்திரிக்கக் கூடாது. இது சாமியாட்டம் மாதிரி இருக்கு" என்றார் பதிப்பாளர்.

"படுத்தவங்கள அப்படியே போட்டுட்டுக் கதைய முடிச்சா எங்கூர்ல அடிக்க வருவாங்க சார்."

அவர் சிரித்தார். ஜோக் என்று நினைத்துக்கொண்டார். அறிவுஜீவி!

வெளியீட்டு விழா இன்னும் மோசம். ஒரு விமர்சகர் எந்தெந்த இங்கிலீஷ் நாவலின் பாதிப்பு என்று பேசினார் பேசினார்... பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில் அக்கா எழுந்து, அச்சில் வராத அத்தியாயத்தை மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"டைம் ஆயித்து மேடம், டீ ரெடி." விழா நடத்தியவர்கள் மைக்கை அணைத்துவிட்டார்கள்.

அக்கா நிறுத்தவில்லை. கூட்டம் போண்டா பக்கம் போய்விட்டது. மைக் இல்லாமல், என்னையும் வாட்ச்மேனையும் வைத்துக்கொண்டு கடைசிப் பேர் வரை கூப்பிட்டு முடித்தார்.

வெளியே வரும்போது, "ஹோகலி அக்கா, விட்டுத்தள்ளுங்க" என்றேன்.

"எப்படி கண்ணு விடறது? அத்தன பேரும் படுத்துக் கெடக்கறாங்களே."

அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

ஒவ்வொரு பதிப்புக்கும் கேட்டார். அடுத்ததில் பார்க்கலாம் மேடம், அடுத்ததில் பார்க்கலாம்... இதே பாட்டு.

இன்று காலை அந்த மனிதர் எனக்கே போன் செய்கிறார். நினைவுப் பதிப்பு போடுகிறாராம். நல்ல போட்டோ வேண்டுமாம்.

"கடைசி அத்தியாயம் சேர்ப்பீங்களா?" என்று கேட்டேன்.

"வாசகர்கள் இப்படியே பழகிட்டாங்க மேடம்."

என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. கன்னடத்தில் சொன்னேன்.

அக்கா எனக்கு மெயிலில் அனுப்பிய அத்தியாயம் இருக்கிறது. அவர் மகளிடம் கேட்டேன். "போடுங்க ஆன்ட்டி. அம்மா கேட்டுக் கேட்டே போயிட்டாங்க" என்றாள்.

முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன். ஒரு வரி விடவில்லை. கேஸ் போடுவதானால் போடுங்கள் சார், என் நம்பர்தான் உங்களிடம் இருக்கிறதே.

மற்றவர்கள் தயவுசெய்து RIP போடாதீர்கள். சத்தமாக வாசியுங்கள். ஒரு பேரையும் தாண்டிப் போகாதீர்கள்.

மதியம் எடுக்கிறார்கள். கிளம்புகிறேன்.

போயிட்டு வாங்க அக்கா.