சம்பந்தி வீட்டுப் புறா வேட்டை

வாடிக்கையாளர் கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கி இருக்கும் தொழில் எங்களுடையது. அதனால் அவரிடம் குரலை உயர்த்திப் பேசும் வழக்கம் எங்களுக்கு இல்லை. டிரைவிங் ஸ்கூல்காரர்களும் டியூஷன் வாத்தியார்களும் “எத்தனை தடவைதான் சொல்றது” என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு ஆறிவிடலாம். நாங்கள் சிரித்த முகத்தோடு இன்னொரு தடவை சொல்வோம். பிறருக்கு எதையாவது கற்றுக்கொடுத்துப் பிழைக்கிற எல்லோருக்கும் இந்த வேதனை புரியும் என்பதால்தான் எழுதுகிறேன்.

பாகூருக்கு அப்பால் ஒரு தரிசில் இருக்கிறது எங்கள் சுடும் மைதானம். ஒரு மிஷின் ஆரஞ்சு நிறக் களிமண் தட்டை வானத்தில் வீசும். அது கீழே விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும், அவ்வளவுதான். வெளிநாடுகளில் புறா வேட்டைக்குப் போகிறவர்கள் இப்படித் தட்டில்தான் கை பழகுகிறார்கள். நம் ஊரில் புறாவைத் தொட்டால் வனத்துறை ஜீப் வந்து நிற்கும். எங்கள் மைதானத்துப் புறாக்களுக்கு இந்தச் சட்டம் தெரியும் போலிருக்கிறது. தகரக் கொட்டகை மேல் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

எந்தக் கண்?

வில்லியனூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் காதர் பாய், உடம்புக்கு ஏதாவது விளையாட்டு வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் எங்களிடம் சேர்ந்தார். நடக்கச் சொன்ன டாக்டருக்குத் துப்பாக்கி விஷயம் இன்று வரை தெரியாது. பாய் சுட்டதெல்லாம் தட்டுக்கு இடது பக்கமாகவே போனது. நிற்கும் நிலை சரி, பிடி சரி. கடைசியில் கையை நீட்டிக் கட்டை விரலால் தூரத்துப் பனையை மறைக்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னேன். அவருக்கு வலது கை பழக்கம், ஆனால் குறி பார்ப்பதில் இடது கண் முந்திக்கொள்கிறது. சிலருக்கு அப்படி இருக்கும். சுடும்போது இடது கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்றேன்.

பாய் துப்பாக்கியைத் தாழ்த்தினார். “ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சிக்கினு இருக்கும்போதே கடையில சாமான் காணாம போவுது மாஸ்டர். நீங்க ஒண்ண மூடச் சொல்றீங்க.”

தலையசைப்பு

தட்டு வேண்டுமென்றால் சுடுகிறவர் இங்கிலீஷில் “புல்”, அதாவது இழு, என்று குரல் கொடுக்க வேண்டும். உலகம் முழுவதும் அதுதான் வழக்கம். மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முருகன் குரலைக் கேட்டதும் பொத்தானை அழுத்துவான். மண்ணாடிப்பட்டிலிருந்து ஒரு கரும்பு நிலக்காரர் வந்தார். பன்றி விரட்ட லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர். வானத்தைப் பார்த்துச் சுட்டே பழகிவிட்டதால், குறி பார்த்துச் சுடவும் கற்றுக்கொள்ளலாம் என்று வந்திருந்தார். துப்பாக்கியைத் தோளில் வைத்தார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். முருகனும் காத்துக்கொண்டே இருந்தான். ஐயா, குரல் கொடுங்கள் என்றேன். அவருக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். “எங்க ஊர்ல நான் தலைய அசைச்சா போதும்பா, மோட்டார் ஓடும். இங்க இன்னாடான்னா ஒரு தட்டுக்குக் கத்தணுங்கிற.”

குழம்புக்கு

மைதானத்து வேலி ஓரம் ஆடு மேய்க்கும் அஞ்சலை அக்கா எங்கள் வெடிச்சத்தத்துக்குப் பழகியவர். அவருடைய ஆடுகளும் தலை தூக்குவதில்லை. ஒருநாள் அக்கா ஒரு தூக்குப் பாத்திரத்தோடு வந்து நின்றார். எதற்கு என்று கேட்டேன். மகன் ஊரிலிருந்து வந்திருக்கிறானாம், இரண்டு புறா கொடுத்தால் குழம்பு வைப்பாராம். நாங்கள் பறவையைச் சுடுவதில்லை, மண் தட்டைத்தான் சுடுகிறோம் என்று உடைந்த சில்லுகளைக் காட்டினேன். அக்கா ஒரு சில்லை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு கொட்டகை மேல் உட்கார்ந்திருந்த புறாக்களைப் பார்த்தார். “அது மாட்டுக்கு கைக்கு எட்டுற எடத்துல உக்காந்துகினு கீது. அத வுட்டுட்டு ஓட்ட ஒடைக்கிறதுக்கா தம்பி உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?”

சொல்தா வந்தார்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். கோவிந்தசாமி சொல்தா முதல் நாளே விறைப்பாக நின்று எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பட்டாளத்துக்காரருக்கு நான் என்ன கற்றுக்கொடுப்பது?

அவர் மகள் பிரான்சில் வெள்ளைக்காரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். சம்பந்தி வீட்டார் ஒவ்வொரு வருஷமும் காட்டுப் புறா வேட்டைக்குப் போவார்களாம். அங்கே அது சட்டப்படி நடப்பது. இவரும் பரீட்சை எழுதி உரிமம் வாங்கியிருந்தார். போன வருஷம் பட்டாளத்துச் சம்பந்தி என்று பெருமையாக முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். நாள் முழுக்கச் சுட்டும் ஒரு இறகுகூட உதிரவில்லை. சாப்பாட்டு மேஜையில் யாரோ, “நல்லவேளை, உங்களை நம்பி நாங்கள் சண்டைக்குப் போகவில்லை” என்றார்களாம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். மகள் மட்டும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். இந்த வருஷம் ஒரே ஒரு புறாவாவது விழ வேண்டும் என்றார்.

சுடச் சொன்னேன். தட்டு வந்தது. துப்பாக்கியை அதற்கு நேராகக் கொண்டுபோய், பிரேக் போட்டு நிறுத்தி, சரியாக இருக்கிறதா என்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சுட்டார். தட்டு அதற்குள் தரையில் விழுந்துவிட்டது. பறப்பதைச் சுட, துப்பாக்கியும் கூடவே போய், அதை முந்திக்கொண்டு, சுட்ட பிறகும் நிற்காமல் போக வேண்டும். கன்னம் துப்பாக்கிக் கட்டையை விட்டு எழும்பக் கூடாது. இது பட்டாளத்தில் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்க வேண்டுமே என்ற சந்தேகத்தில், எந்தப் படைப்பிரிவு என்று மெல்லக் கேட்டேன்.

சொல்தா சுற்றும்முற்றும் பார்த்தார். கிட்டே வந்தார். “பட்டாளத்துல இருந்தேன்னு சொன்னேன். சமையல்ல இருந்தேன்னு சொல்லல. அவங்களும் கேக்கல மாஸ்டர்.”

குடை

துப்பாக்கியை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியாது. அதனால் குடையையோ தடியையோ வைத்துத் தோளுக்கு ஏற்றிப் பழகுங்கள், கன்னம் தானாகப் போய் ஒட்ட வேண்டும், பறப்பது எதைப் பார்த்தாலும் பின்தொடருங்கள் என்று சொல்லியிருந்தேன். எல்லோருக்கும் சொல்வதுதான். யாரும் செய்ததில்லை. சொல்தா செய்தார். கொஞ்ச நாளில் அவர் மனைவி ஆட்டோ பிடித்து மைதானத்துக்கே வந்துவிட்டார்.

“வெடிஞ்சா மாடியில நின்னுகினு குடையத் தோள்ல வச்சி காக்காயப் பாத்து உடம்ப வளைக்கிறாரு. பக்கத்து வூட்டுல என்னத் தனியாக் கூப்புட்டு, அண்ணனப் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில கொண்டுபோயிக் காட்டுங்க, அங்க நல்லா பாக்கறாங்கன்னு சொல்றாங்க சார். நான் இன்னான்னு சொல்லட்டும்?”

விமானத்துக்கு முன்

ஆனால் குடை வேலை செய்தது. சொல்தா பிரான்சுக்குக் கிளம்பும் முன் கடைசியாக வந்தபோது, கட்டை தோளில் ஏறியதும் கன்னம் அதுபாட்டுக்கு ஒட்டியது. துப்பாக்கி முனையைப் பார்க்காதீர்கள், தட்டை மட்டும் பாருங்கள் என்றேன். அன்று பாதிக்கு மேல் உடைத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, முருகன் விசில் அடித்தான். காதர் பாய் தன் முறைக்குக் காத்திருந்தவர், இடது கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “சம்பந்திக்காக இந்தப் பாடு படுற ஆள இப்பத்தான் பாக்கறேன். நாங்கள்லாம் பிரியாணியோட முடிச்சிக்குவோம்.”

போன்

வேட்டை நடந்த மறுநாள் சொல்தா போன் செய்தார். ஒரு புறா விழுந்ததாம். சுத்தமான அடி, எல்லோரும் பார்த்தார்களாம். என்ன சொன்னார்கள் என்றேன். தோளைத் தட்டிவிட்டு அவரவர் புறாவைப் பார்க்கப் போய்விட்டார்களாம். இத்தனை மாதப் பாட்டுக்குத் தோளில் ஒரு தட்டுதானா என்று எனக்கு மனசு விட்டுப்போனது.

அவர் நிறுத்தவில்லை. சாயங்காலம் சம்பந்தியம்மா அத்தனை புறாவையும் வைத்துக்கொண்டு திணறியிருக்கிறார். இவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. உள்ளே போய்க் கத்தியை வாங்கி, ஊரிலிருந்து மகளுக்கு எடுத்துப்போன மிளகையும் சோம்பையும் வறுத்து அரைத்து, குழம்பை இறக்கிவிட்டார். எல்லோரும் கடைசிச் சொட்டு வரை வழித்துச் சாப்பிட்டார்களாம். கடைசியில் சம்பந்தி, இப்படிச் சமைக்க எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டிருக்கிறார். சொல்தா, பட்டாளத்தில் என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

“அடுத்த வருஷம் துப்பாக்கி வேணாம், நீங்க வந்தா போதும்னு சம்பந்தி கையப் புடிச்சிக்கினாரு மாஸ்டர். எம்பொண்ணு எல்லாருக்கும் எழுந்து எழுந்து பரிமாறுனா. எங்கப்பா வச்சதுன்னு சொல்லிச் சொல்லிப் பரிமாறுனா.”

இத்தனை மாதம் நான் கற்றுக்கொடுத்ததில் அந்த வீட்டு மேஜை வரை போய்ச் சேர்ந்தது ஒரே ஒரு புறாதான், அதுவும் குழம்பில் எதுவென்று யாருக்கும் தெரியவில்லை.