அரைக்கிணறு கட்டிய அறை

அந்த வீட்டில் ஒரு கார் ஷெட் இருந்தது; கார் மட்டும் ஒருநாளும் இருந்ததில்லை. கட்டி விற்றவர்கள் என்ன நம்பிக்கையில் கட்டினார்களோ, வாங்கியவர் ஒரு பள்ளிக்கூடப் பஸ் டிரைவர். நாள் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்தவருக்கு வீட்டிலும் ஒரு ஸ்டியரிங் வேண்டுமா என்ன! ஆகவே ஷட்டருக்குப் பின்னால் காருக்குப் பதிலாக அவருடைய கைவேலைகள் குடியிருந்தன. தட்டே வைக்காத அலமாரி ஒன்று. பாதி வார்னிஷும் பாதி வெறும் மரமுமாக ஒரு பெட்டி. நாற்காலியாக ஆரம்பித்து முக்காலியாக நின்றுபோன ஒன்று.

மனுஷன் சோம்பேறி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆரம்பிக்கும்போது அவரைப் பார்க்கவேண்டுமே! சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, காதில் பென்சிலைச் செருகி, அமர்க்களம் பண்ணுவார். முக்கால்வாசி முடிந்ததும் எங்கிருந்தோ ஒரு திருப்தி வந்துவிடும். "இவ்ளோ போதும், மீதிய அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். அந்த அப்புறம் என்பது அந்த வீட்டுக்குள் வந்ததே கிடையாது. பெயின்ட் கடையில் வேலை பார்க்கும் அவர் மச்சினன் அதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வைத்த பெயர்தான் அரைக்கிணறு. கிணற்றைப் பாதி தாண்டுகிறவராம். டிரைவருக்குக் கோபம் வரும். ஆனால் மறுக்க முடியுமா? ஷெட் பக்கத்திலேயே இருக்கிறதே.

அவர் மனைவி நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாக ஓடிக்கொண்டிருந்தவள். கனத்த நோயாளி ஒருவரைக் கட்டிலுக்கு மாற்றும்போது முதுகு பிடித்துக்கொண்டது. பிடித்தது பிடித்ததுதான், இனி ஆள் தூக்கக் கூடாது, அதிக நேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளை விட்டுவிட மனமில்லாமல் ஒரு வேலை கொடுத்தார்கள். நோயாளிகள் போன் செய்து சந்தேகம் கேட்பார்கள். வீட்டிலிருந்தபடியே பதில் சொல்லவேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. அவர்கள் சொல்வது அவள் காதைத் தவிர வேறு யார் காதிலும் விழக் கூடாது.

விழாமல் இருக்க அது என்ன பங்களாவா? படுக்கையறையில் அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே உட்கார்ந்து பேசினாள். அடுத்த அறையில் மாமனார். பெரியவருக்கு டி.வி. சத்தம் எவ்வளவு வைத்தாலும் கேட்காது. மருமகள் போனில் கிசுகிசுப்பது மட்டும் எப்படியோ கேட்டுவிடும். ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மிகுந்த அக்கறையோடு கேட்டார்: "ஏம்மா, அந்தப் பொண்ணுக்கு ரத்தப்போக்கு நின்னுச்சா? பாவம், காலைல அழுதுச்சே."

அவள் சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்துவிட்டாள். யார் மேல் கோபப்படுவது? நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனால் அடுத்த வாரமே இன்னொன்று நடந்தது. அவள் போனில் இருக்கும்போது அவளுடைய மேலதிகாரி, பெரிய சிஸ்டர் என்று எல்லோரும் அழைக்கும் அந்த அம்மாளும், இணைப்பில் இருந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து மாமனார் கதவைத் தள்ளிக்கொண்டு, "அம்மாடி, கேஸ் தீந்துபோச்சு!" என்றார்.

பெரிய சிஸ்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "மாசக் கடைசில நானே கூப்பிட்டுப் பாப்பேன். கதவு சாத்தின தனி ரூம் வேணும். இல்லன்னா இந்த வேலைய வேற ஆளுக்குத்தான் குடுக்கணும்மா, எனக்கு வேற வழியில்ல" என்றார்.

அன்று மாலை அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "இதுவும் போச்சுன்னா நான் நர்ஸே இல்லங்க. சும்மா முதுகு வலிக்காரிதான்."

டிரைவர் எழுந்துபோய் ஷட்டரைத் தூக்கிவிட்டு ஷெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது. குறுக்கே ஒரு சுவர், அதில் ஒரு கதவு. அவ்வளவுதானே! "நான் கட்டுறேன்" என்றார்.

"நீங்களா?" என்றான் மச்சினன். அந்த ஒரு சொல்லில் முக்காலி, அலமாரி, பெட்டி எல்லாம் அடக்கம்.

காலை ட்ரிப்புக்கும் சாயங்கால ட்ரிப்புக்கும் நடுவே கிடைக்கும் நேரம்தான் அவருக்கு. பாதிக் கைவேலைகளையெல்லாம் தூக்கி எடைக்குப் போட்டார். அதைப் போடும்போது கொஞ்சம் வலித்தது, உண்மை. தரையைத் தேய்த்துக் கழுவினார். மரச்சட்டங்கள் வாங்கி வந்தார். கூரை உயரத்தை அளந்தார், இன்னொரு முறை அளந்தார், மச்சினனை விட்டும் அளக்கச் சொன்னார். சட்டங்களைத் தரையில் படுக்கப்போட்டு, அதே உயரத்துக்கு இம்மி பிசகாமல் வெட்டி, குறுக்குக் கட்டைகள் வைத்து ஸ்க்ரூ முடுக்கினார். படுத்துக்கிடந்த அந்தச் சட்டகத்தைப் பார்க்க அவருக்கே பெருமை தாங்கவில்லை. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். "நல்லாத்தான் இருக்கு, ஆனா படுத்திருக்கே" என்றார் அப்பா.

"தூக்கு மச்சான்!"

இருவரும் தூக்கினார்கள். ஜம்மென்று எழுந்தது. முக்கால்வாசி எழுந்தது. இன்னும் கொஞ்சம். கூரையில் போய் இடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்து நின்றுவிட்டது. தள்ளினார்கள். உதைத்தார்கள். மச்சினன் சுத்தியலால் ஒரு போடு போட்டான்; சட்டம் அசையவில்லை, கூரைப் பூச்சு பெயர்ந்து அவன் தலையில் கொட்டியது.

"அளவு சரிதானே மாமா?"

"நீயும்தானேடா அளந்த!"

மறுபடி டேப்பைப் பிடித்தார்கள். அளவு கனகச்சிதம். அதுதான் வினை. நேராக நின்றால் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் படுத்திருப்பது எழும்போது அதன் மூலை சற்றே அதிக இடம் கேட்கும். இது யாருக்குத் தெரியாமல் போனாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சந்து முனையில் அந்த நீளப் பஸ்ஸை அன்றாடம் திருப்புகிறவர். நிற்கிற இடம் வேறு, திரும்புகிற இடம் வேறு என்று புதிதாக வரும் டிரைவர்களுக்கெல்லாம் வாய் ஓயாமல் சொல்கிறவர். அது நினைவுக்கு வந்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு விரல் அளவு சீவியிருந்தால் போதும். ஆத்திரம் விடுமா? ரம்பத்தை எடுத்து, நாலு விரல் அளவுக்குக் கால்களை நறுக்கித் தள்ளினார். இப்போது சட்டகம் சமர்த்தாக எழுந்து நின்றது. மேலே இடைவெளி இளித்தது. "அத ஒரு பட்டி வச்சு மறைச்சிடலாம்" என்றார்.

அப்புறம் வேலை ஓடியது. சட்டகத்துக்குள் பஞ்சு மெத்தைகளைத் திணித்து இரண்டு பக்கமும் பலகை அடித்தார். கதவு மாட்டினார், முதலில் தலைகீழாக, பிறகு நேராக. கதவிடுக்கை அடைக்க, பஸ் டிப்போ மெக்கானிக்கிடம் கேட்டு, பழைய பஸ் ஜன்னல் ரப்பரை வாங்கி வந்து சுற்றிலும் பதித்தார். மச்சினன் தன் கடையிலிருந்து இளம்பச்சைப் பெயின்ட் கொண்டுவந்து தானே அடித்தான். மேலே இருந்த இடைவெளியை மெல்லிய மரப்பட்டி ஒன்று மறைத்துக்கொண்டது. பார்த்தால் அழகுக்கு வைத்ததுபோல்தான் இருந்தது. மேசை வந்தது, சக்கரம் வைத்த நாற்காலி வந்தது. ஷெட் தரை தண்ணீர் வழிய வேண்டுமென்று வாசல் பக்கம் சரிவாகப் போட்டது. அவள் உட்கார்ந்த உடனே நாற்காலி தானாகக் கதவுப் பக்கம் கிளம்பிவிட்டது. "ஐயோ, பிடிங்க!" என்று அவள் சிரித்த சிரிப்பை அந்த வீடு கேட்டு நாளாகியிருந்தது. சக்கரங்களைக் கழற்றினார்கள்.

பிறகு பரீட்சை. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மச்சினன் வெளியே நின்று செய்தித்தாளை விரித்து, சாதாரணக் குரலில் ஒரு விளம்பரத்தை வாசித்தான்: "மணமகன் தேவை. பெண் நல்ல நிறம், சொந்த வீடு..."

உள்ளேயிருந்து தெளிவாகப் பதில் வந்தது: "உனக்குத் தர மாட்டாங்கடா, அடுத்தத படி."

மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். டிரைவருக்கு முகம் செத்துவிட்டது. சுவரில் காதை வைத்துப் பார்த்தார், சுவர் ஊமைதான். கதவும் ஊமைதான். நிமிர்ந்து அந்த மரப்பட்டியைப் பார்த்தார். அதன் வழியாகத்தான் எல்லாம் வந்துகொண்டிருந்தது.

"லேசாத்தானே கேக்குது மாமா. பெயின்ட் வேற அடிச்சாச்சு. விடுங்க" என்றான் மச்சினன்.

உண்மையைச் சொன்னால், விட்டுவிடத்தான் அவருக்கும் தோன்றியது. இடுப்பு விட்டுப்போயிருந்தது. கையெல்லாம் சிராய்ப்பு. இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம் என்று அந்தப் பழைய திருப்தி உள்ளே தலைநீட்டியது. அப்போது கதவைத் திறந்துகொண்டு அவள் வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மெல்லச் சொன்னாள்:

"பரவால்லங்க. நான் மெதுவா பேசிக்கிறேன்."

பரவாயில்லை! தட்டில்லாத அலமாரிக்கும் இதையேதான் சொன்னாள். முக்காலிக்கும் இதையேதான் சொன்னாள். எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஒருநாள்கூட முகம் சுளிக்காமல்! திட்டுகிற பெண்டாட்டியாக இருந்திருந்தால் அவரும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பார். இந்தப் பரவாயில்லைக்கு என்ன பதில் சொல்வது? அவருக்குத் தன்மேலேயே அப்படியொரு கோபம் வந்தது. ஏணியை இழுத்துப் போட்டு ஏறினார். பட்டியைப் பிடித்து இழுத்தார். பெயின்ட் பெயர்ந்து வந்தது.

"மாமா! என் பெயின்ட்டு!"

"போனா போகுது, இன்னொரு தடவ அடி."

இந்த முறை அவசரப்படவில்லை. இடைவெளியை மூலைக்கு மூலை அளந்தார். கூரை நேராக இல்லை, ஓரிடம்போல் இன்னோரிடம் இல்லை. அந்தந்த இடத்துக்கு அந்தந்தக் கட்டையாகச் சீவிச் சீவி அடித்து இறக்கினார். பஞ்சைக் கத்தி முனையால் குத்திக் குத்தித் திணித்தார். இரண்டு பக்கமும் பலகை வைத்து, ஓரமெல்லாம் பூசி, காய்ந்ததும் தேய்த்து, மறுபடி பூசினார். அண்ணாந்தபடி வேலை செய்து கழுத்து ஒரு பக்கமாக நின்றுவிட்டது. பஸ்ஸில் வலதுபக்கக் கண்ணாடியைப் பார்க்க உடம்போடு திரும்பவேண்டியிருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். தினமும் மத்தியானம் வந்ததும் ஏணிதான். முடிந்துவிட்டது என்று மச்சினன் இரண்டு முறை சொன்னான். "இன்னும் இல்ல" என்று அவர் இரண்டு முறையும் சொன்னார். அந்த வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வருமென்று யார் எதிர்பார்த்தது!

மாசக் கடைசியில், சொன்னபடியே, பெரிய சிஸ்டர் மத்தியானத்தில் வீடியோவில் கூப்பிட்டார். அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். பிறகு, "வீட்டுல இருக்கவங்கள நல்லா சத்தம் போடச் சொல்லும்மா. நான் இந்தப் பக்கம் கேட்டுப் பாக்குறேன்" என்றார்.

அவள் கதவைத் திறந்து செய்தியைச் சொல்லிவிட்டு மூடிக்கொண்டாள். வீட்டுக்காரர்களுக்கு அதைவிட என்ன வேண்டும்? பெரியவர் பிறவிப் பயன் அடைந்ததுபோல் டி.வி.யைக் கடைசி வரைக்கும் ஏற்றினார். மச்சினன் ட்ரில்லிங் மெஷினை ஒரு பழைய கட்டையில் வைத்து அலறவிட்டான், நடுநடுவே தானும் அலறினான். மிக்ஸி வெறுமனே ஓடியது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்து, பார்த்து, மூடிக்கொண்டது. டிரைவர் மட்டும் ஒன்றும் செய்யவில்லை. கதவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை முடிவுக்கு நிற்கும் பிள்ளையாக நின்றார்.

போதும் என்று அவர் கையைக் காட்டியதும் எல்லாம் ஓய்ந்தது. வீடே கப்சிப். அவர் கதவில் காதை ஒட்டினார். ஒன்றுமில்லை. ஒரு முனகல்கூட இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. பாஸ் என்றால் இத்தனை நேரத்துக்கு வெளியே வந்திருக்க மாட்டாளா? எங்கே விட்டோம், எந்த ஓட்டையை விட்டோம் என்று மேலும் கீழும் பார்த்தார். அவள் உள்ளே மேசையில் தலை கவிழ்த்து அழுதுகொண்டிருப்பதாகவே அவருக்குத் தோன்றிவிட்டது. தட்டுவதற்குக் கை வரவில்லை.

படாரென்று கதவு திறந்தது.

"ஏங்க! இங்கயேதான் நிக்கிறீங்களா? எவ்ளோ நேரமா உள்ள இருந்து கத்துறேன், பாஸுங்க, பாஸுங்கன்னு! தொண்டையே வத்திப்போச்சு. காதுல என்ன பஞ்சா?"

"கத்துனியா?"

"பின்ன! ஏங்க ஏங்கன்னு ஊரையே கூப்பிட்டேன்."

"நான் இங்கதான்டி நின்னேன். கதவுல காது வச்சுட்டு நின்னேன். ஒண்ணுமே கேக்கலடி."

சொல்லச் சொல்ல அவர் குரல் உடைந்தது. அவளுக்கும் புரிந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்தாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னொரு தடவ உள்ள போய்க் கத்து" என்றார்.

"என்னங்க இது, சின்னப் புள்ளையாட்டம்!"

"போடி, ஒரே தடவ."

அவள் உள்ளே போனாள். கதவு மூடியது. பெரியவரும் மச்சினனும் பார்த்துக்கொண்டிருக்க, டிரைவர் தன் சுவருக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். கொஞ்ச நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள், மூச்சு வாங்க, கன்னம் சிவந்து.

"கேட்டுச்சா?"

"ம்ஹூம். என்ன கத்துன?"

"அதெல்லாம் சொல்ல முடியாது" என்றாள் நர்ஸ். "இந்த ரூமுக்குள்ள பேசுறது வெளிய வரக் கூடாது."