அழகென்று நாங்கள் எண்ணிய வீக்கம்

முதல் அறிகுறியை நாங்கள் நோயென்று உணரவில்லை. அதற்குத் திருஷ்டி கழித்தோம்.

என் மகள் செல்வி பாப்பாரப்பட்டியில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறாள். இயல்பிலேயே ஒடுங்கிய அவள் முகம் ஒரு மாதத்தில் முழுமதிபோல் திரண்டது.

"இப்பத்தாங்கக்கா லட்சணமா இருக்கா. கண்ணு பட்டுடும், சுத்திப் போடுங்க" என்றாள் பக்கத்து வீட்டு முனியம்மா. இறைவியின் திருமுகத்தை நிலவென்று நாளும் பாடுகிற எனக்கும் மனம் குளிர்ந்தது. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பிலிட்டேன்.

மறுவாரம் அவள் காலில் செருப்பு நுழையவில்லை. சிறுநீர் நுரைத்தது.

தருமபுரியில் மருத்துவர் அதை நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் (சிறுநீரக வடிகட்டி பழுதாகிப் புரதம் சிறுநீரில் கசியும் நோய்) என்றார். பிறகு அவள் கன்னத்தை உற்று நோக்கினார்.

"மூஞ்சிக்கு என்னம்மா போடறீங்க?"

"செவப்பாகிற கிரீமுங்க. பேரில்லாத டப்பா. கடைக்கு வர்றவங்க குடுத்தாங்க" என்றாள் செல்வி.

இரத்தத்தில் பாதரசம் (தோல்வழி ஊறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் உலோகம்) இருந்தது. மீளுமா என்று கேட்டேன். "நிறுத்திட்டா நெறைய பேருக்குச் சரியாகுது. உங்க பொண்ணுக்கு இப்பவே சொல்ல முடியாதுங்கம்மா."

தைத்த துணிகளைக் கொடுப்பதற்காக அவள் கடையைத் திறந்தேன். கழுத்து வடிவம் தேர்ந்தெடுக்க அவள் சேர்த்த பெண்கள் இதழ்கள் அடுக்கியிருந்தன. பழைய அட்டைகளில் பருத்த கன்னமும் மாநிறமும். பின்வந்தவற்றில் கன்னம் வற்றி எலும்பு எழுந்தது. புதியவற்றில் எல்லாரும் ஒரே பால்நிறம்; ஒருத்திக்கும் மச்சமில்லை. கரிய திருமேனியை உருகிப் பாடும் வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்தப் பாடல் ஏன் போதவில்லை என்று எண்ணியபடி இதழ்களைத் திரும்ப அடுக்கினேன்.

ஸ்டீராய்டு (சிறுநீரக அழற்சியைத் தணிக்கும் மருந்து) தொடங்கினார்கள். "இதச் சாப்டா மூஞ்சி இன்னும் ஊதுமாம்மா. முனியம்மா அத்தையக் கூப்புடு, இன்னொரு வாட்டி சுத்திப் போடட்டும்" என்று செல்வி சிரித்தாள். நான் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்.

இதை வாசிப்போர் வீட்டில் எவர் முகமேனும் காலையில் வீங்கியிருந்தால், முதலில் சிறுநீரைச் சோதியுங்கள்.

திருமேனியைப் பாதம் தொடங்கிக் கேசம்வரை பாடுவது மரபு. நான் இப்போது பாதத்திலேயே நின்றுவிடுகிறேன். மருத்துவர் கற்பித்தபடி, விடியலில் அவள் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுக்கிறேன். குழி விழுகிறது; வீக்கம் குறையக் குறைய அது விரைந்து நிரம்பும் என்றார் அவர். அது நிரம்பும்வரை நீளும் பொழுதுதான் என் நாள் முழுவதும். நேற்று விரைந்து நிரம்பியது. இன்று சற்றே தாமதித்தது.

"என்னம்மா, வீக்கம் எறங்கியிருக்கா?" என்றாள், கண் திறவாமல்.

"இன்னுங் கொஞ்ச நேரம் தூங்கு" என்று போர்வையை இழுத்து மூடினேன்.